முந்திப் பார்த்தவர், பிந்தி எழுதியவர்: ராபர்ட் ஷெல்டனின் பத்திரிகை வாழ்வு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், இதழியல், வாழ்க்கை வரலாறு என்ற எல்லைக்குள் யாரைப் பற்றியும் பேசலாம் என்று எனக்கு உரிமை கொடுத்தார்கள். நான் ராபர்ட் ஷெல்டனை எடுத்துக்கொண்டேன். பாப் டிலனின் கதையைச் சொல்லும் எந்த நூலை எடுத்தாலும், 1961-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு சிறிய விமர்சனம் தவறாமல் இடம்பெறும். அதை எழுதியவர் பெயரும் ஒரு வரியில் வந்துபோகும். அந்த ஒரு வரிதான் ஷெல்டன். இருபது வயதுப் பையனை முதலில் அடையாளம் கண்டவர் என்ற புகழ் அவருக்கு நிலைத்துவிட்டது. அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவருடைய பெரிய வேலை அதுவல்ல என்பது என் துணிபு. அந்த விமர்சனத்துக்கு ஏழாண்டு கழித்து, ஓர் இரும்புச் சுரங்க ஊருக்குப் போய், அந்தப் பையனின் தாய் தந்தையர் எதிரே உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினாரே, அதுதான் பெரிய வேலை. அந்த வேலை அச்சேற 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு காலம், அந்தத் தாமதத்தில் அவர் எதைக் காப்பாற்றினார், எதை இழந்தார் என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

ஷெல்டன் 1926-ல் சிகாகோவில் பிறந்தார். பிறந்தபோது பெயர் ராபர்ட் ஷபிரோ. ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சில் இருந்தார். திரும்பி வந்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்குக்கு வந்து டைம்ஸ் நாளிதழில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்தது பிறர் எழுதியதைத் திருத்தும் டெஸ்க் வேலை. பெயர் அச்சாகாத வேலை. எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இருக்கிறது, எது காற்றில் நிற்கிறது என்று பார்க்கும் கண்ணை அந்த வேலைதான் ஒருவருக்குத் தரும். பிற்காலத்தில் ராக் இசை பற்றி எழுத வந்த இளைஞர்கள் பலருக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. ஷெல்டனுக்குக் கிடைத்தது.

அவர் எப்படி இசைப் பக்கத்துக்கு வந்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்டுகளைத் தேடி அமெரிக்க அரசு வேட்டை நடத்திய காலம் அது. செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு 1955-ல் பத்திரிகைத் துறை மீது, குறிப்பாக நியூயார்க் டைம்ஸ் மீது, கண் வைத்தது. குழுவின் கையில் இருந்த பெயர் வில்லர்ட் ஷெல்டன். அந்தப் பெயரைக் கொண்டு டைம்ஸில் தேடியபோது அகப்பட்டவர் ராபர்ட் ஷெல்டன். அழைப்பாணை அவர் பெயருக்கு மாறியது. ஆள் மாறாட்டத்தில் தொடங்கிய வழக்கு அவர் வாழ்வில் எட்டாண்டு காலத்தைத் தின்றது.

1956 ஜனவரியில் குழுவின் முன் நின்ற ஷெல்டன், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். இப்படி மறுப்பவர்களுக்கு அன்று வழக்கமான ஒரு வழி இருந்தது. தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியம் சொல்ல வேண்டியதில்லை என்கிற ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லித் தப்பிக்கலாம். சட்டப்படி அது பாதுகாப்பு. ஆனால் அதன் பின்னால் நின்றவர்களை டைம்ஸ் நிர்வாகம் வேலையைவிட்டு நீக்கியது. ஷெல்டன் அந்த வழியை எடுக்கவில்லை. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் சொல்லும் முதல் திருத்தத்தைத்தான் தன் மறுப்புக்கு ஆதாரமாகச் சொன்னார். ஒரு பத்திரிகையாளனின் கருத்தையும் உறவுகளையும் விசாரிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பதே அவர் நிலை. நியாயம் அவர் பக்கம் இருந்தது, பாதுகாப்பு இல்லை. நாடாளுமன்றத்தை அவமதித்ததாகக் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவருடன் மாட்டிக்கொண்ட டைம்ஸ் ஊழியர்களில் ஆல்டன் விட்மனும் ஒருவர். இந்த விட்மன்தான் பின்னாளில் அதே நாளிதழின் இரங்கல் கட்டுரைகளை ஓர் இலக்கிய வகையாகவே உயர்த்தியவர். இருவருமே பிறருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்களாக மாறினார்கள் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. விசாரணைக் கூண்டில் நின்று, தன் வாழ்க்கையை அடுத்தவர் தாறுமாறாகச் சுருக்கிச் சொல்வதைக் கேட்டவனுக்கு, ஒரு மனிதனைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு தானாக வரும்.

வழக்கு நடக்கும்போது செய்திப் பிரிவில் அவரை வைத்திருக்க நிர்வாகம் தயங்கியது. கலை, கேளிக்கைப் பக்கங்களுக்கு மாற்றினார்கள். அரசியல் வாடை அங்கே குறைவு என்று நினைத்திருக்கலாம். 1958 முதல் 1968 வரை அங்கே அவர் எழுதியது ஃபோக் எனப்படும் நாட்டுப்புறப் பாடல், கன்ட்ரி, பிறகு ராக். தொல்லையில்லாத மூலை என்று கருதி அனுப்பிய இடம்தான் அடுத்த பத்தாண்டில் அமெரிக்க இளைஞர்களின் அரசியல் முழுவதும் பாட்டாகப் பொங்கிய இடம்.

அந்த ஃபோக் பாடகர் வட்டத்தின் மூத்தவர் பீட் சீகர் மீதும் இதே போன்ற வழக்கு இருந்தது. அவரும் 1955-ல் வேறொரு குழுவின் முன் முதல் திருத்தத்தைச் சொல்லியே மறுத்தார்; 1961-ல் தண்டனை பெற்றார். 1962 மே 18 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சீகரின் தண்டனையை ரத்து செய்தது. மூன்றே நாளில், மே 21 அன்று, உச்ச நீதிமன்றம் ஷெல்டன் உள்ளிட்டோரின் தண்டனைகளை ரத்து செய்தது. எந்தப் பொருள் பற்றிய விசாரணை என்பதையே குற்றப்பத்திரிகை சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதோடும் முடியவில்லை. ஷெல்டன் மீது மறுபடி வழக்குப் போட்டு, மறுபடி தண்டித்து, அதுவும் 1963-ல் மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. ஆகவே, பாடகரைப் பற்றி எழுதிய இந்த நிருபரை மேடைக்குக் கீழே குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த வெறும் பார்வையாளராக எண்ண வேண்டாம். அந்தப் பாடல்கள் எந்த அச்சத்துக்கு எதிராகப் பிறந்தனவோ, அதே அச்சத்தை அவரும் தோளில் சுமந்துகொண்டுதான் கேட்டார்.

இப்போது 1961-க்கு வருவோம். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. ஷெல்டனுக்கு வயது 35. அவர் இரவுகள் பெரும்பாலும் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில்தான் கழிந்தன. மேற்கு நாலாம் தெருவில் மைக் போர்க்கோ என்ற இத்தாலியர் நடத்திய ஓர் உணவகம், கெர்டிஸ் ஃபோக் சிட்டி என்ற பெயரில் பாட்டரங்கமாக மாறியிருந்தது. திங்கட்கிழமை இரவுகளில் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம். ஷெல்டன் அங்கே வாடிக்கை. ஏப்ரலில் ஜான் லீ ஹூக்கரின் நிகழ்ச்சிக்கு முன்னால் டிலன் என்ற அந்தப் பையன் அங்கே பாடியிருந்தான். ஜூலை இறுதியில் ரிவர்சைடு தேவாலயத்தில் வானொலிக்காக நாள் முழுவதும் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடந்தது. அதைப் பற்றி எழுதும்போது ஷெல்டன் போகிறபோக்கில் அவனையும் ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டார். செப்டம்பர் விமர்சனம் ஒரே இரவில் கண்டெடுத்த வைரம் என்று சொல்லப்படுவது சரியல்ல. மாதக்கணக்கில் கேட்டு, ஆறப்போட்டு, மறுபடி கேட்டு எழுதியது அது.

1961 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இதழ். கெர்டிஸில் அந்த வாரம் முதன்மைக் கலைஞர்கள் கிரீன்பிரையர் பாய்ஸ் என்ற புளூகிராஸ் குழுவினர். டிலன் அவர்களுக்கு முன்னால் பாடும் துணைக் கலைஞர். ஆனால் தலைப்பிலும் படத்திலும் இடம்பிடித்தவர் டிலன். முதன்மைக் குழுவுக்குப் பின்பகுதியில்தான் இடம். பத்திரிகை மரபைத் தலைகீழாகப் புரட்டிய முடிவு இது. டெஸ்க்கில் வளர்ந்த மனிதருக்கு இதன் கனம் தெரியாமல் இருந்திருக்காது.

உள்ளே என்ன எழுதினார்? குரல் இனிமையானது என்று சொல்லவேயில்லை. அழகுக்கும் அந்தக் குரலுக்கும் தொலைவு என்று ஒப்புக்கொண்டார். தெற்கத்திய வயற்காட்டுத் தொழிலாளி தனக்குத்தானே முனகுவதன் கரடுமுரடான அழகைப் பிடிக்க முயல்கிறான் என்றார். அவன் தலையில் இருந்த குல்லாயைச் சொன்னார். ஆளின் தோற்றத்துக்கும் கொஞ்சம் தையல்வேலை தேவைப்படலாம் என்ற தொனியில் பேசினார். நகைச்சுவைப் பாட்டையும் சோகப் பாட்டையும் தனித்தனியே எடுத்து, எங்கே எல்லை மீறுகிறான், எங்கே பிடிக்கிறான் என்று காட்டினார். பிறந்த ஊரையும் பின்னணியையும் பற்றி இவன் தெளிவாகப் பேசுவதில்லை என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார். வந்த இடத்தைவிடப் போகிற இடமே பெரிது என்கிற கருத்தோடு முடித்தார்.

இந்த விமர்சனத்தின் பலம் பாராட்டில் இல்லை. வாசகர் மறுநாள் கெர்டிஸுக்குப் போனால் எதைக் கேட்பார், எது அவருக்கு உறுத்தும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எதையும் பூசி மெழுகாமல் கெட்ட குரலைக் கெட்ட குரல் என்றே சொல்லி, அதன் பிறகும் இவன் பெரியவன் என்று பெயர் போட்டு எழுதினார். பின்னாளில் தவறிப்போயிருந்தால் கேலிக்கு ஆளாகியிருப்பார்.

விமர்சனம் எழுதுவதற்கு முன், அந்த இரவின் நிகழ்ச்சி முடிந்ததும் ஷெல்டனும் டிலனும் கெர்டிஸின் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேட்டியில் டிலன் அளந்தது அத்தனையும் கதை. எங்கெங்கோ அலைந்ததாகவும், யார் யாரிடமோ கற்றதாகவும் சொன்னார். ஷெல்டனுக்கு உடனடியாகச் சரிபார்க்க வழியில்லை. தெளிவில்லை என்பதை மட்டும் எழுதிவிட்டு, மீதியை மனதில் வைத்துக்கொண்டார். இந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் பின்னால் டிலன் வளர்ந்த ஹிப்பிங் நகரத்துக்குப் போனார் என்று எனக்குப் படுகிறது.

விமர்சனம் வந்ததும் எல்லாம் நடந்துவிட்டதாக ஒரு புராணம் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் கொலம்பியா நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் டிலனைப் பாடவே சொல்லாமல் ஒப்பந்தம் செய்தார் என்பார்கள். ஹாமண்ட் அவரை ஏற்கெனவே பார்த்திருந்தார். கேரலின் ஹெஸ்டர் என்ற பாடகியின் ஒத்திகையில் ஹார்மோனிகா வாசித்த பையனாக அவருக்கு டிலன் அறிமுகம். விமர்சனம் அந்த ஆர்வத்துக்கு ஒரு முத்திரை வைத்தது. அக்டோபர் இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் நவம்பர் 4 அன்று கார்னகி அரங்கின் சிறு கூடத்தில் டிலனின் தனிக் கச்சேரி நடந்தபோது வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர்தான். டைம்ஸ் பாராட்டி ஐந்து வாரம் கழித்து இந்த நிலை. 1962 மார்ச்சில் வந்த முதல் இசைத்தட்டும் விலைபோகவில்லை. ஹாமண்டின் மடமை என்று நிறுவனத்துக்குள்ளேயே பெயர் வைத்தார்கள். விமர்சனத்துக்கு இருக்கும் சக்தி அவ்வளவுதான். கதவைத் தட்டும், உள்ளே போக வேண்டியவர் கலைஞர்.

அந்த முதல் இசைத்தட்டின் உறையைத் திருப்பினால் பின்புறம் ஸ்டேசி வில்லியம்ஸ் என்ற பெயரில் ஓர் அறிமுகக் கட்டுரை இருக்கும். ஸ்டேசி வில்லியம்ஸ் என்று யாரும் இல்லை. ஷெல்டனின் புனைபெயர் அது. டைம்ஸில் விமர்சனம் எழுதுபவர் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் எழுதுவது அன்று சகஜம். விமர்சகர்களின் ஊதியம் குறைவு, உறைக் குறிப்புகள் உபரி வருமானம். ஷெல்டனை நான் மிக மதிக்கிறேன், அதனால்தான் இதை மழுப்பாமல் சொல்கிறேன்: அது தவறு. விமர்சகன் கலைஞனின் விற்பனைக்கு எழுதக் கூடாது. எழுதினால் சொந்தப் பெயரில் எழுதி வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே குரல் இரண்டு பெயரில் ஒருவரைப் புகழும்போது படிப்பவர் அதை இரண்டு சாட்சியாக எடுத்துக்கொள்வார். விசாரணைக் குழுவின் முன் அவ்வளவு நேராக நின்ற மனிதர் இங்கே வளைந்தார். அந்த உறைக் குறிப்பு நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இருந்தாலும் தவறு தவறுதான்.

டிலனோடு அவருக்கு நட்பு வளர்ந்தது. வாழ்க்கை வரலாற்றாசிரியனுக்கு நட்பு உதவியா, இடைஞ்சலா? ஷெல்டன் விஷயத்தில் 1965-ஆம் ஆண்டு இதற்குப் பதில் சொல்கிறது. ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலன் மின்கிதாரோடும் இசைக்குழுவோடும் மேடையேறினார். ஃபோக் உலகம் கொதித்தது. ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் திறந்தவெளி அரங்கில் முதல் பாதி தனியாகப் பாடியபோது அமைதியாகக் கேட்ட கூட்டம், இரண்டாம் பாதியில் குழு வந்ததும் கூச்சலிட்டது. ஷெல்டனின் விமர்சனம் டிலன் பக்கம் நின்றது. கூட்டத்தின் நாகரிகமின்மையைக் கண்டித்தது. எளிதாக எழுதியிருக்க முடியாது. ஷெல்டனின் வாசகர்களும் நண்பர்களும் பெரும்பாலும் ஃபோக் வட்டத்தினர். மின்கிதாரைத் துரோகம் என்று நம்பியவர்களில் அவர் மதித்த பலர் இருந்தார்கள். அவர்களை விட்டு விலகினால் அவர் தொழிலே கைவிட்டுப் போகலாம். ஆனாலும் எழுதினார். நட்பு அவர் காதைக் கெடுக்கவில்லை. ஒருவரை நான்கு ஆண்டு விடாமல் கேட்டவர் என்பதால், இந்தத் திருப்பம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு மற்றவர்களைவிட முன்னதாகப் புரிந்தது.

ராக் இதழியல் என்று ஒரு துறை அதுவரை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் பால் வில்லியம்ஸ் 'குராடாடி' இதழைத் தொடங்கியது 1966-ல். 'ரோலிங் ஸ்டோன்' வந்தது 1967-ன் பிற்பகுதியில். அவர்கள் வரும்போது ஷெல்டன் கன்ட்ரி இசை பற்றி ஒரு நூலையும் முடித்திருந்தார். 1968 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜானிஸ் ஜாப்ளின் பாடியபோது அவரை டைம்ஸ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவரும் இவரே. ஆனால் அப்போது அவர் மனம் முழுவதும் ஒரே நூலில் இருந்தது.

டிலனின் வாழ்க்கையை எழுதும் எண்ணம் 1965-66 வாக்கில் உறுதியானது. டிலனும் ஒத்துழைத்தார், குடும்பத்தினர், நண்பர்கள், முன்னாள் காதலி சூஸ் ரோட்டலோ என்று பலர் ஷெல்டனிடம் மனம்விட்டுப் பேசியதற்கு அந்த இசைவு உதவியது. 1966 மார்ச் நடுவில் ஓர் இரவு நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் கச்சேரியை முடித்துவிட்டு, சிறிய விமானத்தில் டென்வருக்குப் புறப்பட்டார்கள். உடன் வந்தவர்கள் களைத்துக் கிடக்க, டிலன் பேசினார். ஷெல்டனின் ஒலிநாடா சுழன்றது. கெர்டிஸ் சமையலறையில் கதையளந்த பையன் இல்லை இவர். ஓய்வே இல்லாத பயணத்தின் நடுவில், உடம்பும் மனமும் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தவர். நான்கு மாதம் கழித்து மோட்டார் சைக்கிள் விபத்து, பிறகு ஒதுங்கல். வெடிப்பதற்குச் சற்று முன் பதிவான பேச்சு என்பதால் அந்த நாடாவின் மதிப்பு கூடிக்கொண்டேபோகிறது. 2011-ல் பிபிசி அதிலிருந்து சில பகுதிகளை வெளியிட்டது. நியூயார்க்கில் தனக்கு ஹெராயின் பழக்கம் இருந்ததாகவும், அதை விட்டுவிட்டதாகவும் டிலன் சொன்னது அப்போதுதான் உலகத்துக்குச் செய்தியானது. ஷெல்டனின் கையில் அந்தப் பேச்சு முப்பது ஆண்டு இருந்தது. விற்பனையாகும் சரக்கு என்று அதை முச்சந்தியில் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. நண்பரைக் காத்தாரா, வரலாற்றை மறைத்தாரா என்று கேட்கலாம். நாடாவை அழிக்காமல் விட்டுச்சென்றதால், மறைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஹிப்பிங். மினசோட்டாவின் வடக்கில் இரும்புத்தாது நிலத்தின் மேல் நிற்கும் ஊர். தாது ஊருக்கு அடியிலேயே இருந்ததால் 1919 தொடங்கி ஊரையே பெயர்த்துத் தெற்கே தள்ளி வைத்தார்கள். சுரங்க நிறுவனங்கள் கட்டிய வரிப்பணத்தில் எழுந்த உயர்நிலைப் பள்ளி ஓர் அரண்மனை; அதன் கலையரங்கில் வெளிநாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகள். அந்தப் பள்ளியில் பின்னாளில் பாப் டிலன் ஆன ராபர்ட் சிம்மர்மன் என்ற மாணவன் பியானோவை ஓங்கி அடித்துப் பாடிய ஆட்டத்தில், தலைமையாசிரியர் மைக்கை நிறுத்தச் சொன்னார். 1959 பள்ளி ஆண்டு மலரில் அவன் தன் வருங்கால ஆசையாகச் சொன்னது, லிட்டில் ரிச்சர்டோடு சேர வேண்டும் என்பது. லிட்டில் ரிச்சர்ட் ஃபோக் பாடகர் அல்ல. ராக் அண்ட் ரோலின் பெரும் புயல். இதைத் தெரிந்துகொண்டவருக்கு நியூபோர்ட் மின்கிதார் எப்படித் துரோகமாகத் தெரியும்? பையன் தன் வீட்டுக்குத் திரும்புகிறான், அவ்வளவே. ஹிப்பிங் பற்றிய ஷெல்டனின் உழைப்பு, 1965-ல் அவர் காதால் உணர்ந்ததை ஆதாரத்தோடு நிலைநாட்டியது.

1968-ல் அவர் அந்தத் தாய் தந்தையரைச் சந்தித்தார். தந்தை ஏப் சிம்மர்மன் முன்பு டுலூத் நகரில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1946-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது, வேலை போனது, மனைவி பீட்டியின் சொந்த ஊரான ஹிப்பிங்குக்குக் குடும்பம் வந்தது. சகோதரர்களோடு சேர்ந்து மின்சாதனக் கடை நடத்தினார். சுரங்க வேலை குறைந்த நாட்களில் தவணையில் பொருள் வாங்கியவர்களால் பணம் கட்ட முடியாது. அப்போது மகனை வசூலுக்கு அனுப்புவாராம், ஏழைகள் வாழும் பகுதிக்கு. பணம் வராது என்று தெரிந்தேதான் அனுப்பினார். வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தைப் பிள்ளை பார்க்கட்டும் என்று. எளியவர் பக்கம் நின்று பாடிய ஒருவரின் வேரை அவர் தந்தை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். புத்தகக் கடைகள் நிரம்பும் அளவுக்கு டிலன் பற்றி ஆராய்ச்சி வந்துவிட்டது. இந்த வாக்கியங்களுக்கு ஈடாக அதிகம் இல்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஏப் சிம்மர்மன் மாரடைப்பில் காலமானார். வயது 56. பிறகு வந்த எந்த வரலாற்றாசிரியருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஷெல்டன் இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டிருந்தால் அந்தத் தந்தை வெறும் பெயராக நின்றிருப்பார். கலைஞனின் புகழ் உச்சத்தில் இருக்கும்போது, அவனுடைய மின்சாதனக் கடை அப்பாவிடம் போய் நோயையும் தவணை வசூலையும் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் அவருடைய மேதைமை. 1961-ல் டிலனைக் கேட்ட காதுகள் வேறும் இருந்தன. அவர் எழுதாவிட்டால் இன்னொருவர் ஆறு மாதத்தில் எழுதியிருப்பார். ஏப் சிம்மர்மனை வேறு யாரும் கேட்டு எழுதியிருக்க முடியாது.

கைநிறையச் சரக்கு இருந்தும் நூல் வரவில்லை. ஷெல்டன் டைம்ஸை விட்டார். 1960-களின் முடிவில் இங்கிலாந்துக்குப் போனார். நூல் கூடவே போனது. அவர் எழுத நினைத்தது ஒரு பாடகரின் கதையோடு ஒரு தலைமுறையின் பண்பாட்டு வரலாற்றையும் சேர்த்து. பதிப்பாளர்கள் கேட்டது சுருக்கமான, அந்தரங்கங்கள் நிரம்பிய நூல். கையெழுத்துப் பிரதி பருத்துக்கொண்டே போனது, இழுபறியும் நீண்டது. இதற்கிடையே ஆன்டனி ஸ்கடூட்டோ 1971-ல் முந்திக்கொண்டார். அவர் மாஃபியா கும்பல்கள் பற்றி எழுதிவந்த செய்தியாளர், துப்பறிவதில் தேர்ந்தவர். அவருடைய டிலன் வரலாறு விறுவிறுப்பானது, நல்ல நூலும்கூட. அனைத்தையும் முதலில் பார்த்த மனிதர், இரண்டாவதாக வருபவர் ஆனார். 1978-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கச்சேரிகளின் சமயத்தில் ஷெல்டன் டிலனை மறுபடி பேட்டி கண்டார். அப்போதும் நூல் முடியவில்லை. கடற்கரை நகரமான பிரைட்டனில் குடியேறி, திரைப்பட விமர்சனம் எழுதிக் காலம் தள்ளினார்.

'நோ டைரக்‌ஷன் ஹோம்' என்ற பெயரில் அந்த நூல் 1986-ல் வெளிவந்தது. இருபது ஆண்டு. வெட்டிய பகுதிகள் ஏராளம் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1995 டிசம்பர் 11 அன்று பிரைட்டனில் காலமானார். முழுமையை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2011-ல், டிலனின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி, எலிசபெத் தாம்சனும் பேட்ரிக் ஹம்ப்ரீஸும் மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, நீக்கப்பட்டவற்றில் சுமார் 20,000 சொற்களை மீட்டுச் சேர்த்துப் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். இறந்த நண்பரின் நூலுக்கு இப்படி உழைத்த பதிப்பாசிரியர்களையும் இந்த மேடையில் வணங்குகிறேன்.

நூலுக்குக் குறைகள் உண்டு. 1966-க்குப் பிறகான பகுதி தளர்ந்துவிடுகிறது. நேரில் பார்த்தவர் விலகி, இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கும் பேராசிரியர் வந்து அமர்ந்துகொள்கிறார். கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டதன் விலை அது. பாட்டு வரிகளுக்கு இலக்கிய மூலம் தேடும் சில இடங்களில் நடை கனத்துப் போகிறது. டிலனின் குரூரங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகவே சொல்கிறார் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. ஸ்கடூட்டோவின் நூலில் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் ஸ்கடூட்டோவிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஓர் ஆளைப் பற்றிய தகவல். ஷெல்டனிடமிருந்து ஓர் ஊர், ஒரு கடை, ஒரு தெரு, ஒரு தலைமுறையின் அச்சமும் துணிவும் கிடைக்கின்றன.

அவருடைய காகிதங்கள் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் வெகுமக்கள் இசை ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பீட்டில்ஸ் பிறந்த ஊரில், அமெரிக்க நிருபர் ஒருவரின் குறிப்பேடுகள் ஆய்வாளர்களுக்காக இருக்கின்றன.

மாணவ நண்பர்கள் கையில் இந்த நூல் கிடைத்தால், விமான இரவைச் சொல்லும் முன்னுரையில் தொடங்காதீர்கள். அது பளபளப்பானது, இழுத்துக்கொண்டு போய்விடும். ஹிப்பிங் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தந்தை பேசும் பகுதிகளில் ஷெல்டன் எத்தனை முறை குறுக்கிடுகிறார் என்று பாருங்கள். மிகக் குறைவு. பிறகு கெர்டிஸ் பகுதிக்கு வாருங்கள், அங்கிருந்து ஃபாரஸ்ட் ஹில்ஸுக்கு. அதன் பிறகு விமானத்தில் ஏறினால், பேசுகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.